கொசு குளிப்பாட்டிய ஸ்கூட்டர்

அவளுக்குக் கொசு என்று பெயர் வைத்தது யார் என்பதில் தெருவில் இரண்டு கட்சி உண்டு. விடிந்தும் விடியாமலும் வீடு வீடாக வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போகிறவளை வேறு எப்படிச் சொல்வது என்பதில் மட்டும் கட்சி பேதம் கிடையாது. ஆளும் ஒல்லி, குரலும் கீச்சுக்குரல். கதவைத் தட்டிவிட்டு, "கொசு வந்துட்டேன், கையை நீட்டுங்க" என்று அவளே சொல்ல ஆரம்பித்த பிறகு, முதுகுக்குப் பின்னால் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அதிலிருந்த ருசி போய்விட்டது.

ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் அவளுக்கு வேலை. காலையில் கிளம்பினால், வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பவர்களின் வீடுகளை எல்லாம் ஒரு சுற்று சுற்றி, குப்பிகளைப் பெட்டியில் அடுக்கி, லேபில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வெறும் வயிற்றோடு இருப்பவர்கள் நல்ல மனநிலையில் இருப்பதில்லை. அவர்களைச் சமாளித்துச் சமாளித்து அவளுக்கு யார் மேலும் பயம் விட்டுப்போயிருந்தது. கடவுளே எதிரில் வந்து நின்றாலும், "ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டு நரம்பைத் தேடுவாள்.

கணவர் கப்பலில் சமையல்காரர். வருடத்துக்கு ஒரு தடவை வருவார். வந்திருக்கும் நாட்களில் இருவரும் ஒரே பெட்டியில் ஏறிவிட்ட ரயில் பயணிகளைப் போல மிகுந்த மரியாதையோடு நடந்துகொள்வார்கள். விடுப்பு முடிந்து அவர் கிளம்பும்போது இரண்டு பேருக்கும் கண் கலங்கும். மறுநாளே இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்குவார்கள். மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படித்தாள்.

இந்தத் தொழிலுக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. டைப்ரைட்டிங் வகுப்பில் இடம் இல்லை என்றார்கள். பக்கத்துக் கட்டடத்தில் லேப் பயிற்சி நடந்தது, அதில் இடம் இருந்தது, சேர்ந்தாள். முதல் நாள் ரத்தத்தைப் பார்த்ததும் மயங்கி விழுந்து, அவளுக்கே ஊசி போட வேண்டி வந்தது. பயிற்சியை விட்டுவிடுகிறேன் என்று அழுதபோது, "இந்தா, என் கையில குத்திப் பழகு" என்று கையை நீட்டியவள் அவளுடைய அக்கா. அந்த மாதம் முழுக்க அக்காவின் கைகள் இரண்டும் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு என்ன வியாதியோ என்று ஓடிப்போனார்கள். இரண்டாவதாக வந்தவருக்குக் கண்பார்வை கொஞ்சம் மந்தம். அவர்தான் மாமா.

அப்படிப்பட்ட அக்காவோடு கொசுவுக்குப் பேச்சு இல்லை. அக்கா மகளின் கல்யாணத்தில் குடும்பமாக நின்று போட்டோ எடுத்தார்கள். எல்லோரும் அடங்கவில்லை, ஒருத்தர் நகர்ந்தால் நன்றாக இருக்கும் என்று போட்டோக்காரர் சொன்னார். அக்கா திரும்பிப் பார்த்து, "நீ இந்தப் பையைப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் நில்லுடி" என்றாள். நின்றாள். போட்டோ வந்தபோது அதன் ஓரத்தில் ஒரு முழங்கையும் ஒரு பையும் மட்டும் இருந்தன. அந்தப் போட்டோவைப் பெரிதாகச் சட்டம் போட்டு அக்கா வீட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். கொசு அதைப் பார்த்தாள், செருப்பைப் போட்டாள், வந்துவிட்டாள். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு பிறந்த அக்காவின் பேத்தி இப்போது நடக்கவும் ஓடவும் ஆரம்பித்துவிட்டது. இரண்டு பேரும் இன்னும் பேசவில்லை.

கொடுமை என்னவென்றால், லேபுக்குப் போகும் குறுக்கு வழி அக்கா வீட்டு வாசல் வழியாகத்தான் போனது. தினமும் அந்த இடம் வந்ததும் கொசு முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு வேகமாகக் கடப்பாள். எதிர்ப்பக்கம் ஒரு சுவர் மட்டுமே இருந்ததால், அந்தச் சுவரில் எந்தச் செங்கல் பெயர்ந்திருக்கிறது என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். பிறகு அந்த வாசலுக்கு நேராக ஒரு வேகத்தடை முளைத்தது. மனு மேல் மனு போட்டு அதைக் கொண்டுவந்தது அக்கா. தெருவில் குழந்தைகள் விளையாடுகின்றன என்று அவள் காரணம் சொன்னாள். கொசு அதை நம்பவில்லை.

ஸ்கூட்டருக்கு வந்த வினை ஒரு சனிக்கிழமை ஆரம்பித்தது. ஒரு வீட்டுப் பெரியவர் ரத்தத்தோடு கூட இன்னொரு பாட்டிலும் கொடுத்தனுப்பினார். அந்தப் பாட்டிலில் என்ன இருந்தது என்று விளக்க வேண்டியதில்லை. மூடியை இறுக்கி மூடியதாகச் சத்தியம் செய்தார். அன்றைக்கு ரத்தப் பெட்டி நிறைந்திருந்ததால் பாட்டிலைச் சீட்டுக்கு அடியில் வைத்தாள். லேபுக்குப் போய்ச் சீட்டைத் திறந்தபோது பாட்டில் காலியாக இருந்தது. மூடி தனியாகக் கிடந்தது. பெரியவரிடம் மறுபடி ஒரு தடவை கொடுக்கும்படி போனில் கேட்டதற்கு, "இனிமே நாளைக்குத்தான் வரும்" என்றார்.

கொசு சுத்தக்காரி. பார்க்கும் வேலை அப்படி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கழுவுகிறாளோ அவளுக்கே தெரியாது. அந்த நாற்றத்தோடு அவள் ஒரு ராத்திரி தூங்கியதே பெரிது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தி, ஒரு பக்கெட் நிறையச் சோப்பு நுரை கலக்கி, பாத்திரம் தேய்க்கும் நாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சீட்டுக்கு அடியில் தேய்த்தாள், சக்கரத்தில் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க நாற்றம் ஸ்கூட்டரிலிருந்து வருகிறதா தன் மூக்கிலிருந்து வருகிறதா என்ற சந்தேகம் வந்தது. மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் ரப்பர் பைப்பை மாட்டி, அதன் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, பீச்சியடிக்கும் தண்ணீரை எல்லா இடுக்கிலும் விட்டாள். ஹேண்டில் பாரில் ஹார்ன் பொத்தானும் இண்டிகேட்டர் பொத்தானும் இருக்கும் இடத்தில் கொஞ்சம் அழுக்கு கண்ணில் பட்டது. அங்கே அதிக நேரம் பீச்சினாள். முன்பக்க மூடியின் இடைவெளியில் பைப்பைச் செருகியே விட்டாள். பிறகு வெயிலில் நிறுத்தினாள். சாயங்காலம் பார்க்கும்போது ஸ்கூட்டர் கடையிலிருந்து வந்த நாள் போல் பளபளத்தது. ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை செல்ஃப் பொத்தானை அழுத்தியபோது 'கட்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. கிக்கரை உதைத்தாள், கிளம்பியது. இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால் அது பைத்தியம் பிடித்தது போல் படபடவென்று சிமிட்டியது. சரி, ஈரம், காய்ந்தால் சரியாகும் என்று நினைத்துக்கொண்டு முதல் வீட்டுக்குப் போனாள்.

முதல் வீடு ஓய்வுபெற்ற தலைமையாசிரியருடையது. வாசலில் பிரேக் பிடித்தாள். 'பாம்' என்று ஹார்ன் அலறியது. அவள் பொத்தானைத் தொடவே இல்லை. பிரேக்கை விட்டதும் நின்றது. நம்பாமல் இன்னொரு தடவை பிடித்துப் பார்த்தாள். இன்னொரு தடவை அலறியது.

தலைமையாசிரியர் கதவைத் திறந்தார். "ஹார்ன் அடிச்சுக் கூப்பிடறதுக்கு நான் என்ன லாரி கிளீனரா?"

"இல்ல சார். நேத்து வண்டியைக் கழுவினேன். பிரேக் பிடிச்சா ஹார்ன் அடிக்குது."

அவருக்குள்ளிருந்த அறிவியல் ஆசிரியர் பசியையும் மறந்து விழித்துக்கொண்டார். "அப்ப, ஹார்ன் அடிச்சா பிரேக் பிடிக்குதா?"

"அதெல்லாம் பிடிக்கல சார்."

"அப்ப பாதிதான் ரிப்பேர்" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினார்.

அதற்குப் பிறகு அவள் பிரேக்கைத் தொடாமல் ஓட்டப் பார்த்தாள். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, இரண்டு செருப்பையும் ரோட்டில் தேய்த்து நிறுத்துவது. இப்படி இரண்டு வீடு போய்வந்ததில் ஒரு செருப்பின் வார் பிய்ந்தது. ஒரு முனையில் குறுக்கே வந்த சைக்கிள்காரருக்காக வேறு வழியில்லாமல் பிரேக் பிடிக்க, அவர் சைக்கிளை நிறுத்தி இறங்கி வந்து, "அக்கா, அவசரம்னா நேத்தே கிளம்பியிருக்கணும்" என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரி வாசலில் அவள் போட்ட சத்தத்துக்குக் காவலாளி விசில் ஊதினார். அவள் பிரேக்கை விடுவதற்குள் விசிலும் ஹார்னும் ஒரு பாட்டுக் கச்சேரி நடத்தி முடித்தன. எல்லா வீட்டையும் முடித்துப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு லேபுக்குத் திரும்பும்போது ஏற்கெனவே நேரமாகிவிட்டது. சுற்று வழியில் போனால் சிக்னல்கள் உண்டு. சிக்னல் என்றால் பிரேக் உண்டு. குறுக்கு வழியில் ஒரே ஒரு வேகத்தடைதான்.

அந்த ஒரே வேகத்தடைக்கு முன்னால் செருப்பைத் தேய்க்கப் பார்த்தாள். வார் பிய்ந்த செருப்பு கழன்று சாக்கடையில் விழுந்தது. வெறும் காலைத் தார் ரோட்டில் வைக்க முடியாமல் பிரேக்கைப் பிடித்தாள். ஸ்கூட்டர் வேகத்தடையில் ஏறி, இறங்கி, ஒரு குலுங்கு குலுங்கி, அக்கா வீட்டு வாசலில் இன்ஜின் அணைந்து நின்றது. ஹார்ன் மட்டும் நிற்கவில்லை. பிரேக்கை விட்டாள். அப்போதும் நிற்கவில்லை.

சாவியைத் திருகி அணைத்தாள். அமைதி. சாவியைப் போட்டுக் கிக்கரை உதைத்தாள். இன்ஜின் மூச்சுக் காட்டவில்லை, ஹார்ன் மட்டும் ஊரைக் கூட்டியது. அணைத்தாள். மறுபடி போட்டு உதைத்தாள். மறுபடி அலறல். அக்கம்பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அக்கா வீட்டு மாடிக் கதவு கடைசியில் திறந்தது.

அக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தாள். கொசு பழக்க தோஷத்தில் எதிர்ச் சுவரைப் பார்த்தாள்.

"இத்தனை வருஷம் கழிச்சுச் சண்டைக்கு வந்தவ, வாயாலயாவது வரக்கூடாதா?" என்றாள் அக்கா.

கொசு சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "நான் ஒண்ணும் வரல. வண்டி நின்னுடுச்சு."

"இத்தனை பெரிய தெருவுல இங்கதான் நிக்குமா?"

"நீ போட்டு வெச்ச தடைதானே. அதைக் கேளு."

அக்காவுக்கு வந்த பதிலைக் கீழே கதவைத் திறந்துகொண்டு வந்த மாமா தடுத்துவிட்டார். பனியனோடு, வாயில் பிரஷ்ஷோடு வந்தார். மாமா ஒரு ரிப்பேர் பிரியர். அவர் பிரித்து மாட்டிய மின்விசிறி இன்றைக்கும் சுற்றுகிறது, தலைகீழான திசையில். நுரையை வாசலோரம் துப்பிவிட்டு, ஸ்கூட்டரைச் சுற்றி ஒரு வலம் வந்தார்.

"தண்ணி போயிருக்கு. முதல்ல ஃபியூஸைப் பிடுங்கணும். அது சீட்டுக்கு அடியில இருக்கும்" என்று சொல்லிச் சாவியை வாங்கினார்.

அந்த ஸ்கூட்டரின் சீட் பூட்டு கெட்டுப்போய் வெகுகாலம் ஆகிறது. சாவியைப் பாதி திருகிப் பிடித்துக்கொண்டு, பின்பக்க இடது மூலையில் இடுப்பால் ஒரு இடி இடித்தால்தான் திறக்கும். மெக்கானிக்குக்கே அது கைவந்ததில்லை. மாமா சாவியைப் பாதி திருகினார். தன் பெரிய இடுப்பைப் பின்னால் இழுத்து, இடது மூலையில், ஆடிப் பழகிய நடனம் போல, ஒரே ஒரு இடி இடித்தார். சீட் வாயைப் பிளந்தது.

மாடிப் படிகளில் ஆள் இறங்கி வரும் சத்தம் கேட்டது. அக்கா வாசலுக்கு வந்து நின்றாள்.

"அந்தச் சீட்டை அப்படித் திறக்கணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மாமா சீட்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டார். "எல்லா ஸ்கூட்டரும் அப்படித்தான்."

"நம்ம ஸ்கூட்டரை இடிச்சுத் திறங்க பார்ப்போம்."

மாமா தலையை வெளியே எடுக்கவில்லை. கொசு முதல்முறையாகச் சுவரை விட்டுத் திரும்பி அக்காவைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. முன்னந்தலையில் நரை வந்துவிட்டது. அக்காவிடம் பொய் சொல்லக் கொசுவுக்கு எப்போதுமே வந்ததில்லை. அதனால்தான் பேசாமல் இருந்தாள் போலும்.

"மாமாவுக்குச் சர்க்கரை" என்றாள். "நான்தான் அப்பப்ப ரத்தம் எடுத்துப் பார்க்கிறேன். நூலகத்துக்குப் பின்னாடி பூங்கா பெஞ்சுல வெச்சு. நான் கையுறை போட்டிருப்பேன், சீட்டுக்கு அடியில இருக்கிற பஞ்சு டப்பாவை எடுத்துக் கொடுங்கன்னு சொல்வேன். அப்படிப் பழகினதுதான்."

"எவ்வளவு நாளா?"

"உன் பேத்தி பிறந்ததுலேர்ந்து."

அக்கா தன் கணவரின் பின்புறத்தைப் பார்த்தாள். அப்போது அது ஒன்றுதான் தெரிந்தது. "நடக்கப் போறேன், நடக்கப் போறேன்னு இதுக்குத்தான் போனீங்களா? நானும் வேற எவளையோ பார்க்கப் போறீங்கன்னு நினைச்சு வயித்தெரிச்சல் பட்டுக்கிட்டிருந்தேன்."

"சந்தேகப்பட்டிருந்தா கேட்டிருக்கலாம்ல?" என்றது சீட்டுக்கு அடியிலிருந்து வந்த குரல்.

"கேட்டா நீங்க இல்லைம்பீங்க. அப்புறம் நான் யார் மேல சந்தேகப்படறது?"

மாமா ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். சொன்னால் சாப்பாட்டில் கை வைத்துவிடுவாள் என்று பயந்ததாக ஒப்புக்கொண்டார். அந்தப் பயம் நியாயமானது என்பதை அக்காவின் முகம் உறுதிப்படுத்தியது. அவரை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு அவள் தங்கை பக்கம் திரும்பினாள்.

"என் வீட்டு மனுஷனுக்கு வியாதின்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லத் தோணலையாடி உனக்கு?"

"போட்டோவுல நிக்கத் தகுதி இல்லாதவ எப்படி வந்து சொல்றது?"

"போட்டோவா?" அக்காவுக்கு உண்மையிலேயே புரியவில்லை. கொசு சொன்னாள். பையைச் சொன்னாள், முழங்கையைச் சொன்னாள், சட்டம் போட்டு மாட்டியதைச் சொன்னாள். கீச்சுக்குரல் நடுவில் ஓரிடத்தில் உடைந்தது. அக்கம்பக்கத்து ஜன்னல்காரர்கள் மரியாதைக்காக ஒரு அடி பின்வாங்கினார்கள். காதை மட்டும் அங்கேயே விட்டுவைத்தார்கள்.

"அடி பைத்தியமே" என்றாள் அக்கா. "அது கல்யாண நகை மொத்தமும் இருந்த பை. அந்தக் கூட்டத்துல வேற யாரை நம்பி அதைக் கொடுப்பேன்? உன் மாமாகிட்டயா?"

மாமா ஃபியூஸை வெளிச்சத்தில் பிடித்து ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"பையைப் பிடிச்சுக்கிட்டு நின்னவ, உள்ள என்ன இருக்குன்னு பார்த்திருக்கலாம்ல? ரெண்டு கையையும் உனக்குக் கொடுத்தேன்டி. குத்திக் குத்திக் கத்தரிக்காய் ஆக்கினே. அதுல வந்த வரனே ஓடிப்போச்சு. அப்பகூட நான் ஒரு வார்த்தை சொன்னேனா?"

"அந்த வரனுக்கு இப்ப எத்தனை வியாதின்னு தெரியுமா? எனக்குத் தெரியும், நான்தான் அவருக்கும் ரத்தம் எடுக்கிறேன். தப்பிச்சே."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தோற்றது போல் ஆகிவிடும் என்று மூக்கைச் சிந்தினாள். கொசுவும் எதையோ சொல்ல வாயெடுத்து, காலடியிலிருந்த பெட்டியைப் பார்த்துத் திடுக்கிட்டாள். இத்தனை பேருடைய காலைப் பட்டினி அதற்குள் இருந்தது. இன்னும் தாமதித்தால் குப்பிகள் வீணாகும், அத்தனை வீட்டுக்கும் மறுபடி போய்க் கையை நீட்டச் சொல்ல வேண்டும். தலைமையாசிரியர் முகம் கண்முன் வந்தது.

"ஏறு" என்றாள் அக்கா. உள்ளே போய்த் தங்கள் ஸ்கூட்டரின் சாவியை எடுத்துக்கொண்டு வந்தாள். தன் செருப்பைக் கழற்றித் தங்கையின் காலடியில் தள்ளிவிட்டு, மாமாவின் செருப்பை மாட்டிக்கொண்டாள். மாமாவை இந்த ஸ்கூட்டருக்குக் காவல் வைத்தாள். "வர்ற வரைக்கும் எதையும் பிரிக்காதீங்க. எதையும் திங்கவும் திங்காதீங்க."

அக்கா ஸ்கூட்டர் ஓட்டிப் பல காலம் ஆகியிருந்தது. பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்த கொசு, போகும் வழியெல்லாம் "லாரி, லாரி" என்று கத்தினாள். அக்கா, "எனக்கும் கண்ணு இருக்கு" என்று கத்தினாள். இடையிடையே மாமாவின் சர்க்கரை எவ்வளவு என்று விசாரித்தாள். கொசு சொன்ன அளவைக் கேட்டு ஒரு தடவை ஹேண்டில் பார் ஆடிவிட்டது. லேபில் பெட்டியை ஒப்படைத்தபோது, உள்ளே இருந்த பெண், "இவங்க யாரு?" என்று கேட்டாள்.

"எங்க அக்கா" என்றாள் கொசு. "வாய் கொஞ்சம் நீளம்."

இவர்கள் திரும்பி வருவதற்குள் மாமா முன்பக்க மூடியைக் கழற்றியிருந்தார். திருகாணிகளில் ஒன்று சாக்கடைக்குள், கொசுவின் செருப்புக்குத் துணையாகப் போயிருந்தது. மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவர் கம்பிகள் சேரும் இணைப்பு ஒன்றைப் பிரித்துக் கவிழ்த்தார். ஒரு மடக்குத் தண்ணீர் கொட்டியது. நுரையோடு கொட்டியது.

"இந்த ஜாயின்ட்டுல எல்லாக் கம்பியும் பக்கத்துப் பக்கத்துல வருது. நடுவுல சோப்புத் தண்ணி நின்னா, பிரேக் லைட்டுக்குப் போற கரண்ட் ஹார்ன் வீட்டுக்குப் போயிடுது" என்றார் மெக்கானிக். "கழுவுங்க, வேணாம்னு சொல்லல. ஈரத் துணியால துடைங்க. சின்னக் குழந்தையைக் குளிப்பாட்டினாக்கூடக் காதுக்குள்ள பைப்பை விடுவீங்களா?"

"அது என்ன சாதாரணத் தண்ணியா கொட்டுச்சு உள்ள" என்று கொசு ஆரம்பித்து, சனிக்கிழமைப் பாட்டிலைப் பற்றிச் சொன்னாள். மெக்கானிக் தன் கைகளை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு அக்கா வீட்டுக் குழாயடிக்குப் போய் நெடுநேரம் கழுவினார்.

அக்கா முடி உலர்த்தும் மெஷினைக் கொண்டுவந்து கொடுத்தாள். மெக்கானிக் ஒவ்வொரு இணைப்பாக உலர்த்தி, ஏதோ ஒரு மருந்தை அடித்து, ஹார்ன் பொத்தானைப் புதிதாக மாற்றினார். ஸ்கூட்டர் அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு ஒழுங்காக ஓடியது. அக்காவும் தங்கையும் அப்படி இல்லை. பேசாமல் இருந்த காலத்துக்கும் சேர்த்துப் பேசினார்கள். யார் ரகசியம் காத்தது பெரிய துரோகம், யார் பையைப் பார்க்காதது பெரிய முட்டாள்தனம், திரைச்சீலைக்கு எந்த நிறம் என்று எதற்கும் சண்டை. காலையில் லேபுக்குப் போகும் வழியில் கொசு அந்த வாசலில் நிற்பாள். அக்கா போடும் டீ எப்போதும் போல மோசமாக இருக்கும். முதல் நாள் அதைச் சொல்லாமல் குடித்தாள். இரண்டாம் நாள் சொல்லிவிட்டாள்.

இதில் நிஜமாக அடிபட்டவர் மாமா. அலமாரியில் இருந்த இனிப்பெல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போனது. காலையில் நடக்கப் போனால் கூடவே அக்காவும் போனாள். சர்க்கரை இறங்கியது, எடை இறங்கியது, முகமும் இறங்கிவிட்டது. ஒருநாள் கொசு அவர் கையில் கட்டிய ரப்பர் பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, அக்கா சமையலறையில் இருப்பதை உறுதி செய்துகொண்டு, அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"உங்க ரெண்டு பேருக்கும் மறுபடி எப்ப சண்டை வரும்?"

"தினமும்தான் வருதே, மாமா."

"இது இல்லம்மா" என்றார் மாமா. "பேசாம இருப்பீங்களே, அந்தச் சண்டை."